கேபிளை வெட்டிவிடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஷிப்ட். காலையில் எட்டரைக்குப் போனால் வீட்டுக்கு வர இரவு ஒன்பதாகிவிடும். பிள்ளைகளை அத்தைதான் (மாமியார்) பார்த்துக்கொள்கிறார். மாலை ஆறரைக்கு சீரியலைப் போட்டால் பத்து மணிவரை டிவி நிற்காது. நான்கு வயது மகன் கார்ட்டூன் இல்லாமல் சாப்பிட வாயைத் திறக்க மாட்டான். நாலாவது படிக்கும் மகள், போன வாரம் என் நாத்தனார் மகளிடம் கண்ணைச் சாய்த்துக்கொண்டு, "உன்னை நிம்மதியா இருக்க விட மாட்டேன்" என்றாள். "அப்பாவுக்கு வேற வீடு இருக்காம்மா?" என்று ராத்திரியில் கேட்கிறாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணவர் கேபிளையே வெட்டிவிடலாம் என்கிறார். அத்தையோ, "கவர்மெண்ட் டிவி வந்த நாள்ல இருந்து பாக்கறேன், அது கூடாதுன்னா ஊருக்கே போயிடறேன்" என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: வெட்ட வேண்டாம். வெட்டினால் முதலில் அடிபடுவது உங்கள் அத்தை. இரண்டாவது நாளே டிவி இருந்த இடத்துக்குச் செல்போன் வந்துவிடும். டிவியிலாவது பிள்ளை என்ன பார்க்கிறான் என்று வீட்டுக்கே தெரியும்.

உங்கள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் இந்த வீரம் இருக்குமா?

அத்தையின் பக்கத்தையும் பார்ப்போம். 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவிதான் அவருக்குக் கிடைத்த முதல் டிவி போலிருக்கிறது. ஊரை விட்டு, திண்ணையையும் பேச்சுத்துணையையும் விட்டு வந்து, உங்கள் இரண்டு பிள்ளைகளைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார். சீரியல்தான் அவருக்குப் பேச ஆள். அதை "கெட்ட பழக்கம்" என்று சொல்லி ஆரம்பித்தீர்களானால், மூட்டையைக் கட்டுவேன் என்றுதான் சொல்வார்.

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அந்த வீட்டு வாசலில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். பாட்டு முடிந்ததும் அந்த வீட்டு ஆச்சி, "போங்க, போய்ப் படிங்க" என்று கதவைச் சாத்திவிடுவார். 1993இல் சன் டிவி வந்தது, பின்னாலேயே மற்ற சேனல்களும் வந்தன. அதற்கப்புறம் கதவைச் சாத்த ஆச்சி இல்லை. ஒரு சீரியல் முடிவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடுகிறது. நிறுத்துகிற வேலை இப்போது நம் தலையில். அதைத்தான் உங்கள் வீட்டில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதலில் சின்னவன் சாப்பாடு. கார்ட்டூன் ஓடும்போது அவன் சாப்பிடவில்லை, வாய் தானாகத் திறக்கிறது, நீங்கள் ஊட்டுகிறீர்கள். வயிறு நிறைந்ததா, ருசி என்ன, எதுவும் அவனுக்குத் தெரியாது. நான்கு வயதில் வளர்ச்சி கைக்குழந்தைப் பருவத்து வேகத்தில் இருக்காது, பசியும் அதற்கேற்றபடி குறைவாகத்தான் இருக்கும். நாம் மட்டும் பெரிய கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஆரம்பியுங்கள். டிவியை அணைத்துவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்து, அவன் தட்டை அவன் கையில் கொடுங்கள். சிந்துவான், சிந்தட்டும். அழுவான், இரண்டு வாயோடு எழுந்துவிடுவான். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அந்த இரக்கத்தில் பிஸ்கட்டோ ஒரு டம்ளர் பாலோ கொடுத்தீர்கள் என்றால் எல்லாம் போச்சு. அடுத்த வேளைச் சாப்பாடுதான். சில நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பசி தன் வேலையைச் செய்யும். எடை குறைந்தாலோ, வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை என்று தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்ற கணக்கும் வேண்டும் அல்லவா? இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் (ஐஏபி) சொல்வது இது: இரண்டு வயதுவரை எந்தத் திரையும் கூடாது, ஐந்து வயதுவரை அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து, பத்து வயதுவரை 2 மணி நேரத்துக்குள். டிவி, செல்போன் இரண்டையும் சேர்த்த கணக்கு. உங்கள் வீட்டில் ஆறரையிலிருந்து பத்து என்றால் மூன்றரை மணி நேரம். "அவன் பாக்கறதில்லை, பொம்மை வச்சு விளையாடறான்" என்று அத்தை சொல்லலாம். டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு பாதியில் அறுபடுகிறது, பெரியவர்களும் அவர்களோடு பேசுவதைக் குறைத்துவிடுகிறார்கள். இது ஆராய்ச்சிகளில் பார்த்த விஷயம்.

ஆக, நேரத்தை முதலில் பாதியாகவாவது குறைக்க வேண்டும். எந்தச் சீரியலை விடுவது என்பதை அத்தையே முடிவு செய்யட்டும். சில சேனல்களில் முந்தின நாள் சீரியலை மறுநாள் பகலில் திரும்பப் போடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அது, நிம்மதியாகப் பார்க்கலாம். ஆனால் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச அன்றைக்கே பார்த்தாக வேண்டிய சீரியல் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள்.

மகளைத் திட்ட வேண்டாம். அவளுக்குத் தெரிந்த பெரிய மனுஷிகள் எல்லாம் டிவியில் அப்படித்தான் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீரியலை அவளோடு உட்கார்ந்து மொபைலில் பாருங்கள். "இந்தம்மா ஏன் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்கறாங்க? நேரா போய்க் கேட்டா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டால் கதை நாலு நாளில் முடிந்துவிடும் என்று அவளே சொல்வாள், ஒன்பது வயதுக்கு அந்த விவரம் உண்டு. அப்பாவுக்கு வேறு வீடு இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் சிரித்து மழுப்பாதீர்கள். அவள் பயந்துபோய்க் கேட்கிறாள். அவள் அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது. உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்தது அந்த வரிதான். கேபிள் விஷயம்கூட அதற்கு அப்புறம்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு "வந்துட்டியா" என்ற ஒரு வார்த்தை வேண்டாமா? இதைப் புகாராகச் சொல்லாமல் அத்தையிடம் தனியாகக் கேளுங்கள்: "நான் வண்டியை நிறுத்துற சத்தம் கேட்டா டிவியை அணைச்சுடுங்க அத்தை, அதுக்கப்புறம் பிள்ளைங்க தூங்கற வரைக்கும் வேண்டாம்." ஒன்பது மணி சீரியல் போய்விடுகிறதே என்று முகம் வாடினால், அது மறுநாள் மத்தியானம் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சாப்பிடும்போது, "இன்னிக்குக் கதை என்னாச்சு அத்தை?" என்று நீங்களே கேளுங்கள். கையை ஆட்டி, குரலை மாற்றி அவர் சொல்கிறபோது சின்னவன் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். தட்டை அப்போது அவன் முன்னால் வையுங்கள்.