ஐசக் பார்க்கர் ஃபெடரல் நீதிபதி ஆனது எப்படி? அவரைத் "தூக்கு நீதிபதி" என்று சொல்வது சரியா?

பாதிதான் சரி. அமெரிக்காவின் ஆர்கன்சா மேற்கு மாவட்ட ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதியாக 21 ஆண்டுகளில் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் கொலைக்கும் பாலியல் வன்முறைக்கும் அன்றைய ஃபெடரல் சட்டத்தில் ஒரே தண்டனை மரணம். ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட நடுவர் குழு) "குற்றவாளி" என்று சொல்லிவிட்டால் நீதிபதி குறைக்க முடியாது. ஜூரி விரும்பினால் உயிரைக் காக்கலாம் என்ற சட்டம் 1897 ஜனவரியில் வந்தது. பார்க்கர் இறந்து அப்போது இரண்டு மாதம்.

நியமனக் கதைக்கு வருவோம். ஒஹாயோவில் 1838இல் பிறந்தவர். மிசூரியில் வக்கீல், பிறகு மாநில நீதிபதி. 1871 முதல் 1875 வரை குடியரசுக் கட்சி சார்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை உறுப்பினர். அடுத்து மேலவையான செனட் என்றால் அன்று மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மிசூரி சட்டமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கையில். அதிபர் கிராண்ட் முதலில் அவரை, இன்னும் மாநிலமாகாத யூட்டா பிரதேசத்தின் தலைமை நீதிபதியாக்கினார், செனட்டும் ஒப்புக்கொண்டது. பார்க்கரோ ஆர்கன்சா மேற்கு மாவட்ட நீதிமன்றம் இருந்த ஃபோர்ட் ஸ்மித்தைக் கேட்டார். ஊழல் புகாரில் சிக்கிய வில்லியம் ஸ்டோரி ராஜினாமா செய்து காலியான இடம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது: பிரதேச நீதிபதிக்கு நான்காண்டுதான், அதிபர் நினைத்தால் நடுவிலேயே நீக்கலாம். யூட்டாவின் தலைமை நீதிபதியாக இருந்த மக்கீனுக்கு அந்த மாதமே அது நடந்தது. ஃபோர்ட் ஸ்மித் பதவியோ அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவின்படி ஆயுட்காலத்துக்கு. 1875 மார்ச் 18இல் பெயர் செனட்டுக்குப் போனது. மறுநாளே ஒப்புதலும் நியமன ஆணையும். அப்போது வயது 36. மே 10இல் நீதிமன்றம் கூடியது. செப்டம்பர் 3இல் ஆறு பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். பட்டப்பெயருக்கு வித்து அங்கேதான்.

வழக்குகள் குவிந்ததற்குக் காரணம் எல்லை. ஆர்கன்சாவின் மேற்குப் பகுதியோடு இந்தியப் பிரதேசமும் (அமெரிக்கப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட, இன்றைய ஓக்லஹோமா பகுதி) அவர் அதிகாரத்தில் இருந்தது, சுமார் 74,000 சதுர மைல். செரோக்கி, கிரீக் போன்ற பழங்குடி அரசுகளின் நீதிமன்றங்கள் தங்கள் மக்களுக்குள் நடந்ததை மட்டும் விசாரிக்கும். ஒரு தரப்பு வெளியாள் என்றால் வழக்கு ஃபோர்ட் ஸ்மித்துக்கு வரும்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1889 வரை அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லை. அதிபரின் கருணை ஒன்றுதான் வழி. அந்த ஆண்டு, மரண தண்டனை வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் வந்ததும் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாகின. பெரும்பாலும் தவறு ஜூரிக்கு அவர் சொன்ன நீண்ட அறிவுரைகளில் இருந்தது. தன் சொந்த நிலத்தில் தாக்கப்படுபவன் பின்வாங்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பியர்ட் வழக்கில் (1895) திருத்தினார்கள். தப்பியோடியதைக் குற்றத்துக்கான சான்றாக அளவுக்கு மீறி அழுத்திச் சொன்னதை ஆல்பர்ட்டி வழக்கில் (1896) தவறென்றார்கள். பதினான்கு ஆண்டுகள் இதே போன்ற அறிவுரைகளைக் கேட்டுத்தான் ஜூரிகள் முடிவெடுத்தார்கள். அவற்றை யாரும் மேலிருந்து சரிபார்க்கவில்லை.