டாம் வில்ஸ் இருக்கட்டும், தலைப்பை மாற்றுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மெல்பர்னில் படிக்கிறாள். வரலாற்று வகுப்பில் யாராவது ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். ஃபுட்டி (இங்கே ஆஸ்திரேலியன் ஃபுட்பாலைச் செல்லமாக இப்படித்தான் சொல்வார்கள்) பைத்தியமான அவள், ‘ஆஸ்திரேலியன் ஃபுட்பாலைக் கண்டுபிடித்தவர்’ என்று டாம் வில்ஸைத் தேர்ந்தெடுத்தாள். படிக்கப் படிக்க குடி, படுகொலை, தற்கொலை என்று வருகிறது. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லட்டுமா?
– ஓர் அம்மா, மெல்பர்ன்

பதில்: வேண்டாம். ஆள் இருக்கட்டும். அந்தக் ‘கண்டுபிடித்தவர்’தான் இடிக்கிறது, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வில்ஸ் 1835இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். 14 வயதில் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே கிரிக்கெட் அணித் தலைவராகி, 1856 கடைசியில் திரும்பி வந்தார். அடிப்படையில் அவர் கிரிக்கெட்காரர். 1858 ஜூலை 10 அன்று ஒரு பத்திரிகையில் அவர் எழுதிய கடிதமும் கிரிக்கெட்டுக்காகத்தான்: குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் உடம்பு பெருத்துப் போகாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும், விதிகள் எழுத ஒரு குழு வேண்டும். அது முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் கிளப்பாவது ஆரம்பிக்கலாம் என்கிறார்! உங்கள் மகள் இதைச் சொன்னால் வகுப்பு சிரிக்கும்.

அடுத்த மாதமே ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்பர்ன் கிராமர் பள்ளிக்கும் ஆட்டம். பக்கத்துக்கு 40 பேர். மூன்று நாள் ஆடியும் அணிக்கு ஒரு கோல்தான். நடுவர்களில் ஒருவர் வில்ஸ், இன்னொருவர் ஜான் மக்காடம். கடையில் வாங்கும் மக்கடேமியா கொட்டை இருக்கிறதே, அது இவர் பெயரில் வந்ததுதான்.

1859 மே 17 அன்று பரேட் ஹோட்டலில் விதிகளை எழுதியபோது வில்ஸ் தனியாக இல்லை. ஹேமர்ஸ்லி, தாம்சன், ஸ்மித் எல்லாரும் கூட இருந்தார்கள். மொத்தம் பத்து விதிகள். இடறிவிடலாம், தள்ளலாம், ஆனால் ரக்பி பள்ளியில் நடந்ததுபோல எதிராளியை முழங்காலுக்குக் கீழே உதைக்கக் கூடாது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை எழுதியது இதற்கு நான்கு வருடம் கழித்துத்தான். எம்.சி.ஜி. (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) வாசலில் இருக்கும் வில்ஸ் சிலையின் கல்வெட்டும் அவரை விதிகளை எழுதியவர்களில் ஒருவர் என்றுதான் சொல்கிறது. ‘ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர்’ என்று மகள் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

அப்புறம், மார்ன்குரூக் என்ற பூர்வகுடிப் பந்தாட்டம் பற்றி வகுப்பில் கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். வில்ஸ் வளர்ந்த மேற்கு விக்டோரியாவில் பூர்வகுடி மக்கள் போசம் என்ற விலங்கின் தோலில் பந்து செய்து, உயர உதைத்து, எகிறிப் பிடித்து ஆடினார்கள். ஜாப் வுரங் என்ற பூர்வகுடி இனத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த வில்ஸுக்கு அவர்கள் மொழியும் தெரியும். அதனால் அந்த ஆட்டத்தையும் அவர் பார்த்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஆனால் விதிகளுக்கு அதுதான் மூலம் என்று அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கத்தையும் மகள் சொல்லட்டும்.

என்னைக் கேட்டால், பேச்சின் பாதி நேரத்தை 1861க்கும் 1866க்கும் கொடுக்கலாம். 1861 அக்டோபரில் குவீன்ஸ்லாந்தின் கல்லின்-லா-ரிங்கோவில், நிலம் பிடிக்கப் போயிருந்த வில்ஸின் அப்பா உட்பட 19 பேரைப் பூர்வகுடியினர் கொன்றார்கள். சாமான் வாங்கிவர வெளியே போயிருந்ததால் டாம் பிழைத்தார். பதிலுக்கு வெள்ளையர்கள் வேட்டையாடிக் கொன்றது அதைவிடப் பல மடங்கு. இதை விட்டுவிட்டு அந்த 19 பேரை மட்டும் சொல்வது சரியில்லை. பழிவாங்கலில் டாமும் சேர்ந்திருந்தார் என்று 1895ஆம் வருடத்துச் சிகாகோ செய்தித்தாள் கட்டுரை ஒன்று சொல்வது 2021இல் வெளியே வந்தது. எழுதியவர் பெயர் இல்லாத கட்டுரை அது. அதை எவ்வளவு நம்பலாம் என்று சர்ச்சை நடக்கிறது. ‘இப்படி ஒரு குற்றச்சாட்டு உண்டு’ என்பதோடு மகள் நிறுத்திக்கொள்ளலாம்.

அப்பாவைப் பறிகொடுத்த ஐந்தே வருடத்தில் அதே மனிதர் மேற்கு விக்டோரியாவுக்குப் போய் பூர்வகுடி கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். 1866 பாக்சிங் டே (டிசம்பர் 26) அன்று அவர்களை எம்.சி.ஜி.யில் தலைவராக நின்று ஆடவைக்கிறார். பாசமா, பணத் தேவையா, இரண்டுமா? நான் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். 1868இல் அந்த அணியைச் சேர்ந்த பலர் இங்கிலாந்து போனபோது சார்லஸ் லாரன்ஸ்தான் தலைவர். வில்ஸ் போகவில்லை.

கடைசிக் காலத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. குடி முற்றி, மனம் கலங்கிய நிலையில், 1880 மே மாதம் 44 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மகளிடம் இவ்வளவு சொன்னால் போதும். எப்படி என்ற விவரம் பேச்சில் வேண்டாம், வீட்டிலும் நீங்களாக எடுக்க வேண்டாம். அவளே கேட்டால், அது நோயின் விளைவு என்றும், இன்று அப்படி இருப்பவர்களுக்கு மருத்துவ உதவி கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். சுமார் நூறு வருடம் அவர் கல்லறையில் பெயரே இல்லை. 1980இல்தான் கல் வைத்தார்கள்.

பேச்சுக்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளைகள் இருக்கலாம், வீட்டில் இப்படி ஒரு இழப்பைப் பார்த்த பிள்ளையும் இருக்கலாம். நேரம் போதாவிட்டால் ரக்பி பள்ளிக் கதையை வெட்டுங்கள், துப்பாக்கி கிளப்பை வெட்டாதீர்கள்.