ஏரோதின் அரண்மனைச் சிரிப்பு

கேள்வி: தேர்தல் நேரம். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில், வேட்பாளர் ஒருவரின் படத்துக்குச் சேலை கட்டி, பொட்டு வைத்து ஒரு சகோதரர் போட்டார். ‘இது வேண்டாமே’ என்றேன். ‘இயேசுவே ஏரோதை நரி என்றாரே, அரசியல்வாதிக்கு என்ன மரியாதை?’ என்கிறார். பத்துப் பேர் கைதட்டல் போட்டிருக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கலிலேயாவை ஆண்ட ஏரோதை நரி என்றார், உண்மைதான். லூக்கா 13:32. ஆனால் யாரிடம், எப்போது சொன்னார்? ‘ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், போய்விடும்’ என்று வந்தவர்களிடம், ‘போய் அந்த நரிக்குச் சொல்லுங்கள்’ என்றார். உயிரை எடுக்கக்கூடியவனின் காதுக்கே போகட்டும் என்று சொல்லி அனுப்பிய வார்த்தை அது. வேண்டியவர்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்தில் சிரிப்புக்காகச் சொன்னதல்ல.

அந்தச் சகோதரரைப் பத்து அதிகாரம் தள்ளிப் படிக்கச் சொல்லுங்கள். 23-ஆம் அதிகாரத்தில் அதே ஏரோதுக்கு முன்னால் இயேசு கைதியாக நிற்கிறார். அவன் என்னென்னவோ கேட்கிறான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஏரோதும் அவன் சேவகரும் அவரைப் பரியாசம்பண்ணி, ‘மினுக்கான வஸ்திரத்தை’ உடுத்தி அனுப்புகிறார்கள். பிடிக்காத ஒருவருக்கு வேஷம் கட்டிவிட்டுக் கூடி நின்று சிரித்தது யார் என்று பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது, மனசு வலித்தது. இன்னொன்றும் கேட்கிறேன்: சேலை கட்டுவது அவமானம் என்றால், அதே குழுவில் இருக்கும் சகோதரிகளை என்ன சொல்கிறீர்கள்?

சரி, அப்படியானால் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? யோவான்ஸ்நானன் சும்மா இருக்கவில்லை. சகோதரன் மனைவியை வைத்துக்கொள்வது நியாயமல்ல என்று ஏரோதிடமே சொன்னார். செய்த தவறைப் பெயர் சொல்லிச் சொன்னார். அதற்குத் தலையையே கொடுத்தார்.

1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்கள் நிறவெறியை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில் சேருகிறவர்களிடம் ஓர் அட்டையில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பத்துக் கட்டளைகள். நண்பரிடமும் எதிரியிடமும் சாதாரண மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. கையாலோ நாவாலோ இருதயத்தாலோ வன்முறை செய்யக் கூடாது என்பது இன்னொன்று. அவர்கள்மேல் போலீஸ் நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. அவர்கள் மரியாதையையும் விடவில்லை, கோரிக்கையையும் விடவில்லை.

1774 அக்டோபரில், இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி, ஓட்டுரிமை உள்ள தம் சங்கத்தாரைக் கூட்டி மூன்று காரியம் சொன்னதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். காசு வாங்காமல் தகுதியானவருக்கு ஓட்டுப் போடுங்கள். எதிர்த்து நிற்பவரைப் பற்றித் தீது பேசாதீர்கள். மாற்றி ஓட்டுப் போட்டவர்கள்மேல் மனதில் கசப்பு வைக்காதீர்கள். இந்த மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

போன தேர்தலின்போது எங்கள் சபைக் குழுவிலும் இப்படி ஒரு படம் வந்தது. அந்தக் கட்சியில் முப்பது வருஷமாக இருக்கும் பெரியவர் ஒருவர் எங்களோடு ஆராதிக்கிறவர். குழுவில் அவர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தபோது, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். ‘பரவாயில்லை தம்பி’ என்றார். திரும்பவும் எங்களோடு வந்து முழங்கால்படியிட அவருக்கு நான்கு மாதம் ஆனது.

உங்கள் சகோதரரிடம் குழுவில் வாதாடாதீர்கள். மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாகப் போய்ப் பேசுங்கள். இந்த வாரமே போங்கள்.