சங்கீத ரீச்சரைக் கேளுங்கள்: தவிலைத் தொட்டுப் பார்த்த பிள்ளை

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி தன் மகனை ஓர் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பின்னால் பெரிய வாத்தியக் குழு, முன்னால் நடிகர்கள் முகமூடி போட்டு ஓர் ஓநாய்க் கதையை நடிக்கிறார்கள். ஒவ்வொரு மிருகம் வரும்போதும் ஒவ்வொரு வாத்தியம். அதைப் போனில் எடுத்து அனுப்பினாள். தரம் 2இல் படிக்கும் என் மகள் அதைப் பார்த்தபடியே இருக்கிறாள். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வழி உண்டா ரீச்சர்? மேல்நாட்டு இசையில் தொடங்கினால் பிறகு எங்கள் சங்கீதத்தில் மனம் நிற்குமா?
— ஒரு தாய், மல்லாவி

பதில்: தங்கச்சி, உங்கள் மகள் பார்த்தது ‘பீட்டரும் ஓநாயும்’. 1936இல் மொஸ்கோவில் சிறுவர் அரங்கு நடத்திய நத்தாலியா சாட்ஸ் என்ற பெண்மணி கேட்டுக்கொண்டதால் ரஷ்ய இசையமைப்பாளர் செர்கே புரொகோஃபியெவ் எழுதியது. ஏறக்குறைய அரை மணி நேரம். குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹோர்ன். பீட்டர் என்ற பையனுக்கு வயலினும் அதன் குடும்பத்துத் தந்தி வாத்தியங்களும். கதை தொடங்குமுன் வாத்தியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஒவ்வொருவருடைய மெட்டையும் வாசித்துக் காட்டுவது நல்லது என்று புரொகோஃபியெவே எழுதி வைத்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்த எனக்கு, அவர் எழுதியதில் மிகப் பெறுமதியான வரி அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். 2012இல் முல்லைத்தீவுப் பக்கத்தில், மீள்குடியேறி வந்த பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மண்டபம் என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகைதான். என் வயலின் இடப்பெயர்வில் போய்விட்டதால் ஒன்றை இரவல் வாங்கினேன். உயர்தர வகுப்புப் பையன் ஒருவன் குழல் வாசிப்பான். கோயிலிலிருந்து மிருதங்கக்காரரும் தவில் வித்துவானும் வந்தார்கள். புரொகோஃபியெவின் கதையில் வேட்டைக்காரரின் துப்பாக்கிச் சத்தத்தை டிம்பனியும் பெரிய முரசும் போடும். அதை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஓநாயையும் வேட்டையையும் விட்டுவிட்டு, வயலுக்கு யானை வருகிற கதையை நானே கட்டினேன். காவல் கொட்டிலில் ஓர் அப்பு, பற்றையில் ஒரு செண்பகப் பறவை, பாலை மரத்தில் ஒரு குரங்கு. யானைவெடியையும் எடுத்துவிட்டேன். கடைசியில் ஊர்ச்சனம் தகரம் தட்டித்தான் யானையைக் காட்டுக்கு அனுப்பும்.

யானைக்குத் தவில். வித்துவான் முதல் அடி அடித்ததும் தரம் 3 பிள்ளை ஒன்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாங்குக்குக் கீழே போய்விட்டது. வித்துவான் உடனே நிறுத்திவிட்டார். தோளிலிருந்து வாரைக் கழற்றித் தவிலைப் பாயில் கிடத்தி, “இஞ்ச வா பிள்ளை” என்றார். அவள் வரவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயில் வரிசையாக வைத்தார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி இறுக வைத்த அந்தக் கூடுகள், சின்னச் சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். அதைப் பார்க்கத்தான் அவள் வெளியே வந்தாள். ஒன்றை எடுத்துத் தன் பெருவிரலில் போட்டுப் பார்த்தாள். பிறகு அவர் அவளுடைய உள்ளங்கையை வலந்தலை என்கிற வலது பக்கத் தோலில் வைக்கச் சொல்லிவிட்டு, மற்றப் பக்கத்துத் தோலில் விரல் நுனியால் மெல்லத் தட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. “உள்ளுக்குள்ள ஆரோ இருக்கினம்” என்றாள். அதன் பிறகு யானை வந்தது, போனது, திரும்பவும் வந்தது. அவள் காதைப் பொத்தவே இல்லை.

பயந்த பிள்ளைக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது, தங்கச்சி. சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை ஆர் எழுப்புகிறார், எந்தக் கையால் எழுப்புகிறார் என்று கண்ணால் கண்ட பிள்ளைதான் அதைக் காதாலும் தேடும். நாடகத்தோடு சேர்ந்த கச்சேரி செய்கிற வேலையும் இதுதான். சத்தத்துக்கு ஓர் ஆளைக் கொடுக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. நான் முள்ளியவளையில் பிறந்தவள். முல்லைமோடி என்கிற எங்கள் பக்கத்துக் கூத்துப் பாணியில் கோவலன் கூத்து ஆடும்போது அம்மாவின் மடியில் கிடந்து பார்த்திருக்கிறேன். அரைத் தூக்கத்தில் இருப்பேன். மத்தளமும் சல்லாரித் தாளமும் மாறிய உடனேயே, ஆள் ஆடுகளமான களரிக்கு வருமுன்னமே, அடுத்து வருவது ஆர் என்று தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரவுப் பாட்டு, ஓர் ஆட்டம், ஒரு தாளக்கட்டு. மொஸ்கோவில் குருவிக்குக் குழல் என்று வைத்தாரே, அந்த வேலையை கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவிமார் எந்தக் காலத்திலிருந்தோ செய்துகொண்டு வருகிறார்கள். கூத்து நடந்தால் பிள்ளையை முன்னுக்கு, மத்தளத்துக்குப் பக்கமாக இருத்துங்கள். கோயில் திருவிழாவில் மேளச்சமா நடக்கும்போதும் அப்படியே. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருத்த வேண்டாம்.

மேல்நாட்டிசையா, கர்நாடக இசையா என்ற பயம் வேண்டாம். உங்கள் மகள் முன்பள்ளியில் ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ பாடியிருப்பாள். அதே மெட்டுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் ‘சியாமளே மீனாட்சி’ என்று சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார். இங்கிலீஷ்காரரின் வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவர் கட்டிய நோட்டுஸ்வரங்களில் அதுவும் ஒன்று. சங்கராபரண ராகத்தில் இருக்கும். அதே மெட்டை எடுத்து ஐரோப்பிய இசையமைப்பாளர் மோட்சார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுங்கள். பிறகு யூரியூப்பில் மோட்சார்ட்டைப் போட்டுவிட்டு, “எங்கட பாட்டு எங்க ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடி” என்று சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளை கட்டாயம் கண்டுபிடிக்கும். பிறகு வயலினைக் காட்டுங்கள். தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு எங்கள் கச்சேரிக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது. அங்கே தோளில் வைத்து வாசிக்கிறார்கள், இங்கே சம்மணமிட்டு இருந்து தலைப் பக்கத்தைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். வாத்தியம் ஒன்றுதான். இரண்டையும் பார்க்கிற பிள்ளைக்கு எதிலும் மனம் விட்டுப்போகாது.

வசதி வரும்போது கொழும்புக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். 1958 முதல் அங்கே ஒரு சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. நீண்ட பயணம்தான். ஆனாலும் அத்தனை வயலின்காரர் ஒரே மூச்சில் வில்லை மேலே தூக்குவதைப் பிள்ளை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. கோயில் கச்சேரியில் பத்து நிமிடம்கூட இருக்கமாட்டான். எழும்பி ஓடுவான், கையை ஆட்டுவான், பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள். அவனுக்குச் சங்கீதம் சரிவராதோ?
— ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, கையை ஆட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாளத்துக்கு ஆட்டுகிறானா என்று முதலில் பாருங்கள். ஆட்டினால் அவன் அந்த மண்டபத்தில் மற்ற எவரையும் விட நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆறு வயதுக்கு இரண்டரை மணி நேர வாய்ப்பாட்டுக் கச்சேரி பொருந்தாது. தொடக்கத்தில் பாடுகிற வர்ணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு கீர்த்தனை முடிய வெளியே வந்து கடலை வாங்கிக் கொடுங்கள், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனியாவர்த்தனத்துக்குத் திரும்பவும் உள்ளே போங்கள். ஓரமாக, எழும்பி நடக்க இடம் உள்ள பக்கத்தில் இருங்கள். முறைப்பவர்கள் முறைக்கட்டும்.

நியூயோர்க்கில் இசைக்குழு நடத்துநர் லியோனார்ட் பேர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை பிள்ளைகளுக்கென்றே 53 நிகழ்ச்சிகள் நடத்தினார். வாசிப்பார், நிறுத்துவார், கேள்வி கேட்பார், பிள்ளைகளைப் பாடவும் வைப்பார். பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தால் அது இடத்தில் இருக்கும். உங்கள் மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: “மிருதங்கக்காரர் எப்ப கையை எடுக்கிறார் எண்டு பாத்துச் சொல்லு.” அவ்வளவு போதும்.

கேள்வி: ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். ரீச்சர் முன்னொரு இதழில் சொன்ன மாதிரி, கதையோடு ஒரு சிறுவர் கச்சேரி செய்ய ஆசை. பணம் கிடையாது. எப்படித் தொடங்குவது?
— ஓர் இளம் ஆசிரியை, நெடுங்கேணி

பதில்: நாலு வாத்தியம் காணும் பிள்ளை. குழல், வயலின், மிருதங்கம், தவில். உடுக்கு அடிப்பவர் ஒருவர் அகப்பட்டால் விடாதீர்கள், காத்தவராயன் கூத்து ஆடுகிற ஊரில் கட்டாயம் இருப்பார். கோயில் வித்துவான்மாரிடம் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு என்று சொன்னால் மறுத்தவரை நான் காணவில்லை. போக்குவரத்துச் செலவை மட்டும் பெற்றாரிடம் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கதை இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்தின் மெட்டும் ஆதிதாளத்தில் ஓர் ஆவர்த்தனம், எட்டு எண்ணிக்கை. அதைவிட நீண்டால் பிள்ளைக்குப் பிடிபடாது. என் கதையில் செண்பகத்துக்கு மோகன ராகம் வைத்தேன், குழலில். அப்புவுக்கு ஆனந்தபைரவி, வயலினின் அடித் தந்தியில் இழுத்து இழுத்து. குரங்குக்கு மிருதங்கத்தில் தகிட தகிட என்று மும்மூன்றாக எண்ணுகிற திஸ்ரம். யானைக்கு விளம்பத்தில், அதாவது மெதுவாக, ஒற்றை அடி. இரவு வருகிறபோது நீலாம்பரி. அந்த இடத்தில் ஒருவரும் நடிக்கக்கூடாது, கதை சொல்பவரும் பேசக்கூடாது. ஒரு நிமிடம் வயலின் மட்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்தேன் என்றே சொல்லலாம். தகரக் கொட்டகையில் நூறு பிள்ளைகள், வெளியே காகம் கரைகிற சத்தம் கேட்டது.

நடிப்பதற்குத் தனியாக ஆள் தேட வேண்டாம். குழல் வாசிப்பவரே செண்பகமாக வரட்டும். செம்மண் நிறத்தில் ஒரு சால்வையைத் தோளில் போட்டால் செட்டை வந்துவிடும், அவர் பிள்ளைகளுக்கு நடுவில் வாசித்துக்கொண்டே நடக்கலாம். நான் முதல் தடவை செய்த பிழை இதில்தான். ஒரு பக்கத்தில் மாணவர்களை நடிக்க விட்டு, மறுபக்க மூலையில் வாத்தியங்களை இருத்தினேன். பிள்ளைகள் எல்லாம் நடிப்பையே பார்த்தார்கள், வாத்தியப் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

மைக் வைக்காதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம், அதிபர் சொன்னாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். மைக் வைத்தால் குழலும் தவிலும் ஒரே பெட்டிக்குள்ளிருந்து வரும். பிள்ளைக்கு எது எங்கே என்று தெரியாது. பாயில் அரைவட்டமாக இருத்தி, வாத்தியக்காரரைக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க விடுங்கள்.

கேள்வி: நடிப்பும் உடுப்பும் சேர்த்தால் பிள்ளைகள் வேடிக்கையைத்தானே பார்ப்பார்கள்? சங்கீதம் என்பது கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டியது அல்லவா?
— ஓய்வுபெற்ற ஒருவர், வவுனியா

பதில்: ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேடிக்கையோடு நின்றுவிட்டால் நட்டம்தான். அதனால் அதே கதையை மூன்று முறை செய்வேன். முதல்முறை எல்லாம் சேர்த்து. அடுத்த கிழமை கதையும் வாத்தியமும் மட்டும். மூன்றாம் கிழமை வாத்தியக்காரர் ஒரு சேலைக்குப் பின்னால் இருந்து வாசிப்பார்கள், கதையும் கிடையாது. ‘இப்ப ஆர் வருகினம்?’ என்று பிள்ளைகளே கத்திச் சொல்வார்கள். அப்போது அவர்கள் தாங்களாகவே கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், பீட்டர் கதையில் ஓநாய் வாத்தைச் சாப்பிட்டிட்டுது. வாத்து செத்துப்போச்சா?
— தரம் 4 மாணவன், ஒட்டுசுட்டான்

பதில்: சாகவில்லை அப்பன். ஓநாய் அவசரத்தில் வாத்தைக் கடிக்காமல் முழுசாக விழுங்கிவிட்டது. கதையின் கடைசியில் எல்லாரும் ஓநாயைக் கட்டி ஊர்வலமாகக் கொண்டு போவார்கள், பெரிய சத்தமாக இருக்கும். அது அடங்கினதும் காதைக் கிட்ட வைத்துக்கொள். ஓர் ஓபோ மெல்லக் கேட்கும். ஓபோ உனக்குப் புதிய பெயர்தான், ஆனால் அது எங்கள் நாதஸ்வரத்துக்குச் சொந்தக்கார வாத்தியம். இரண்டுக்கும் வாயில் வைத்து ஊதுவது இரட்டை நாக்கு. கோயிலில் நாதஸ்வரக்காரரிடம் கேட்டால் அந்த நாக்கை, சீவாளியை, கழற்றிக் காட்டுவார். அதை மட்டும் தனியாக ஊதிக் காட்டச் சொல்லு. வாத்துச் சத்தம் வரும்.