பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளின் பக்கவாட்டில் 'மார்க் 1/2 (எஃப்) எஃப்.டி.ஆர். 10/50' என்று இருக்கிறது. இது 1950இல் செய்யப்பட்டதா?

இல்லை. அது பழுதுபார்த்த தேதி. எஃப்.டி.ஆர். என்றால் தொழிற்சாலையில் முழுதாகப் பிரித்துச் சீரமைத்தது. அடைப்புக்குள் இருக்கும் எஃப், லிவர்பூல் அருகே இருந்த ஃபசாக்கர்லி தொழிற்சாலை. 10/50 என்பது மாதமும் ஆண்டும். விற்பவர்களில் பலர் இதையே பிறந்த தேதி என்று சொல்லிவிடுகிறார்கள்.

'1/2' என்பதே இது பழைய மார்க் 1 என்று சொல்லிவிடுகிறது. அதில் டிரிகர், அதைச் சுற்றியுள்ள காப்பு வளையமான டிரிகர் கார்டில் தொங்கும். குழலுக்கு அடியில் உள்ள மரமான முன்கட்டை ஈரத்தில் உப்பினாலும் காய்ந்து சுருங்கினாலும் டிரிகரின் இழுப்பு மாறும். அதனால் போருக்குப் பின் டிரிகரை ரிசீவரிலேயே, அதாவது குழல் பொருந்தும் இரும்பு உடலிலேயே மாட்டினார்கள். அப்படிப் புதிதாகச் செய்தது மார்க் 2. பழைய மார்க் 1ஐ மாற்றினால் 1/2, அதன் எளிமைப்படுத்திய வடிவமான மார்க் 1*ஐ மாற்றினால் 1/3. முன்கட்டையின் பின்முனையில் குறுக்கே திருகும் நட்டும் இருந்தால் அந்தக் கட்டை இந்தப் புது அமைப்புக்கானது.

உண்மையான ஆண்டுக்கு, தோள்கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தின் இடப்பக்கத்தைப் பாருங்கள். 'எம்47சி' என்றால் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் ஷர்லி ஆலை. வரிசை எண்ணுக்கு நடுவே 'சி' வந்தால் அமெரிக்காவின் சாவேஜ், 'எல்' வந்தால் கனடாவின் லாங் பிராஞ்ச். 'பி.எஃப்.' என்று தொடங்கும் எண் ஃபசாக்கர்லியின் போருக்குப் பிந்தைய மார்க் 2. 'யு.எஃப். 55 ஏ' என்றால் 55 என்பதே ஆண்டு.

பக்கவாட்டு எழுத்து மின்பேனாவால் மேலோட்டமாகக் கீறியது. சீரமைப்பில் பூசிய கறுப்புப் பெயின்ட் அதை அடைத்திருக்கும். சுரண்டாதீர்கள், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இருட்டில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தாலே பெரும்பாலும் படித்துவிடலாம்.

குழல்மேல் கிரீடமும் பி.என்.பி.யும், '2.222' (தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில்), '18.5 டன்' (சதுர அங்குலத்துக்கான அழுத்தம்) என்றும் இருந்தால் அவை துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரைகள். பி.என்.பி. 1954க்குப் பின் வந்தது. அது ராணுவத்திலிருந்து சந்தைக்குப் போன காலத்தைக் காட்டும், செய்த காலத்தை அல்ல. 'இங்கிலாந்து' என்ற முத்திரை அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானதன் அடையாளம். முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புகள், அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது என்பதற்கு.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிப் பின்புறத்திலும் வரிசை எண் இருக்கும். வளையத்து எண்ணோடு அது பொருந்தவில்லையென்றால் போல்ட் வேறு துப்பாக்கியினுடையது. அப்படியானால் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு தாங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, கேஜ் என்ற அளவுக்கட்டை வைத்துப் பார்க்காமல் சுடக்கூடாது: 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடக் கூடாது. 'டி.பி.' என்று அடித்திருந்தால் பேச்சே இல்லை. அது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் ஒதுக்கியது, சுடுவதற்கு அல்ல.