போருக்கு வருகிற தம்பிக்கு

தம்பி, தெற்கு சூடானில் போர் (Bor) என்ற நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே பேசுகிற டிங்கா மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, இங்கிலீஷ் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், வீட்டில் "போருக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை போனில் அப்படிச் சொல்லப்போய் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

நான் இருக்கிற தலைநகர் ஜூபாவில், ஜூபா அரபி என்கிற எளிய கலப்பு அரபி தெரிந்தால் கடைத்தெருவைச் சமாளித்துவிடலாம். போர் அப்படியில்லை, டிங்காக்காரர்களின் ஊர். ஆபீஸுக்கு இங்கிலீஷ் சரி, காவலாளியோடும் பால்காரம்மாவோடும் என்ன பேசுவீர்கள்?

கற்பது லேசில்லை. நமக்குக் குறில், நெடில் இரண்டுதான். அவர்களுக்கு உயிரொலியில் மூன்று அளவு. போதாததற்கு மூச்சுக் கலந்த உயிர்கள் வேறு. எழுத்தில் அவற்றின் மேல் இரண்டு புள்ளி வைப்பார்கள். ராகம் மாறினாலும் பொருள் மாறும், ஆனால் அதை எழுத்தில் காட்டுவதில்லை. அதனால் புத்தகத்தை நம்பாமல் காதை நம்புங்கள். பன்மைக்கு 'கள்' மாதிரி ஒட்டும் கிடையாது. ஒரு மாடு 'வெங்', பல மாடு 'ஹொக்'. நான் ஒரு மந்தையையே காட்டி 'வெங்' என்றேன், எங்கள் குடோன் காவலாளி "எது, அந்த ஒன்றா?" என்று சிரித்தார். மாட்டு வார்த்தைகளில் தொடங்குங்கள், பெயர்களும் பிடிபடும். தெற்கு சூடான் விடுதலைப் போராட்டத் தலைவர் ஜான் கராங்கின் பெயரில் வரும் மபியோர் என்பது வெள்ளைக் காளை.

போர் ஊர்க்காரரிடமே கற்றுக்கொள்ளுங்கள். கோக்ரியால் பக்கத்து ரெக், ரும்பெக் பக்கத்து அகார் எல்லாம் டிங்காவின் வேறு வட்டார வழக்குகள். அப்புறம், ஜூபாவுக்கு வந்தால் பார்க்கிறவர்களிடமெல்லாம் டிங்காவில் வணக்கம் சொல்லாதீர்கள். இது பாரி மக்களின் மண். 2013 டிசம்பரில் இங்கே டிங்கா, நுவேர் படையினரிடையே மூண்ட சண்டைக்குப் பிறகு, நுவேர் இனத்தவருக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

மகளின் பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டீர்கள். பள்ளிகளில் டிங்கா புதிதில்லை. ஜூபாவுக்குப் பக்கத்தில் ரெஜாஃபில் 1928இல் கூடிய மாநாட்டிலேயே பாடமொழிகளில் ஒன்றாக அதைத் தேர்ந்தார்கள். இன்றும் கொள்கைப்படி முதல் மூன்று வகுப்புக்குத் தாய்மொழி, பிறகு இங்கிலீஷ். நடைமுறையில் புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருக்கிற இடத்தில்தான் அது நடக்கும். பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படிப்பான், அர்த்தத்தை அவன் பாட்டி டிங்காவில் கேட்பாள், அவன் விழிப்பான். உங்கள் மகளைச் சேர்க்குமுன் வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆசிரியர் எந்த மொழியில் திட்டுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.