வோக்ட்ஸ் பற்றி அந்த வரியைப் போடாதீர்கள்

நண்பரே, ஜெர்மன் கால்பந்து வீரர் பெர்ட்டி வோக்ட்ஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர் என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஜெர்மனியில் அப்படி வென்றவர் பெக்கன்பவர் (1974-ல் ஆட்டக்காரர், 1990-ல் பயிற்சியாளர்).

வோக்ட்ஸ் 1974-ல் ஆட்டக்காரராக மட்டுமே வென்றார். இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் நட்சத்திரம் க்ரைஃபை நகரவிடாமல் காவல் காத்தவர் அவர்தான். தொடக்கத்திலேயே க்ரைஃப் அவரைத் தாண்டி ஓடி பெனால்டி வாங்கிவிட்டார். அதன் பிறகு வோக்ட்ஸ் நிழலாக ஒட்டிக்கொண்டார்; மேற்கு ஜெர்மனி 2-1. இதைத்தான் விரிவாக எழுதுங்கள், அந்த மனிதரின் பிடிவாதம் முழுக்க இதில் இருக்கிறது.

பயிற்சியாளராக அவர் வென்றது 1996 யூரோ கோப்பை. வெம்ப்ளியில் நடந்த இறுதியாட்டத்தில் செக் அணி முன்னிலையில் இருந்தபோது மாற்று வீரராக பியர்ஹோஃபை இறக்கினார். பியர்ஹோஃப் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் தங்க கோலும் (அடித்ததுமே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோல்) அடித்தார். 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் குரோஷியாவிடம் 0-3. அந்த ஆண்டே பதவி விலகினார்.